ஸ்மித்ஸைக் கேட்க எட்டு மாலைகள்

போன மாதம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். "மாமா, நீங்கள் ஓயாமல் சொல்வீர்களே அந்த ஸ்மித்ஸ், கேட்டுப் பார்த்தேன். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி அழுகிறது" என்றான். எண்பதுகளின் மான்செஸ்டர் ராக் குழுவான 'தி ஸ்மித்ஸ்' பற்றித்தான் பேச்சு. கைபேசியை வாங்கிப் பார்த்தேன். 'சிறந்தவை' என்று யாரோ பொறுக்கிப் போட்ட திரட்டு. அதையும் கலைத்துப் போட்டு ஓடவிட்டிருக்கிறான். ரசத்தையும் பாயசத்தையும் ஊறுகாயையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிட்டுச் சமையல் சரியில்லை என்பவனிடம் என்ன பேசுவது?

"எட்டு மாலை ஒதுக்கு. நான் சொல்லும் வரிசையில் கேள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் உன்னை விட்டுவிடுகிறேன்" என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவன். சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். 1986-இல் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் மாணவன். மான்செஸ்டர் பக்கம் செவிலியர் படிப்புக்குப் போயிருந்த பெரியம்மா மகள் தபாலில் கேசட் அனுப்புவாள். அப்படித்தான் இந்தக் குழு என் காதுக்கு வந்தது.

கேட்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். 1982-இல் ஜானி மார் என்ற பதினெட்டு வயதுப் பையன், மான்செஸ்டரை ஒட்டிய ஸ்ட்ரெட்ஃபோர்டில் மாரிஸி என்பவரின் வீட்டுக் கதவைத் தட்டினான். பையன் கிட்டார், இவர் பாடல் வரியும் குரலும். மாரின் பள்ளித்தோழன் ஆண்டி ரூர்க் பேஸ் கிட்டாருக்கும், மைக் ஜாய்ஸ் டிரம்ஸுக்கும் வந்தார்கள். ரஃப் டிரேட் என்ற சிறு நிறுவனம் அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்டது. பெரிய நிறுவனங்களைச் சாராமல் வருவதால்தான் 'இண்டி' என்ற பெயர். 1987-இல் குழு கலைந்தது. அதன்பின் நால்வரும் ஒரே மேடையில் நிற்கவே இல்லை.

ஐந்து ஆண்டில் ஸ்டூடியோ ஆல்பங்கள் நான்குதான். ஆனால் ஆல்பத்தில் தொடங்காதீர்கள். இந்தக் குழுவின் வீடு சிங்கிள். முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒன்றோ இரண்டோ. 'ஹெவன் நோஸ் ஐம் மிஸரபிள் நௌ', 'பேனிக்', 'ஆஸ்க்', 'ஷாப்லிஃப்டர்ஸ்' ஆகிய எதுவுமே நான்கு ஸ்டூடியோ ஆல்பங்களில் இல்லை. 'திஸ் சார்மிங் மேன்' பாடலும் முதல் ஆல்பத்தின் பிரிட்டிஷ் இசைத்தட்டில் கிடையாது. ஆல்பங்களை மட்டும் கேட்டவர் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சந்நிதிக்குள் போகாமல் திரும்பியவர்.

ஆகவே முதல் வேலை, வெளிவந்த தேதி வரிசையில் சொந்தமாக ஒரு பட்டியல் போடுவது. நான்கு ஸ்டூடியோ ஆல்பங்களோடு மூன்று தொகுப்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்: 1984-இல் வந்த 'ஹாட்ஃபுல் ஆஃப் ஹாலோ', 1987-இல் வந்த 'தி வேர்ல்ட் வோண்ட் லிஸன்', அதே ஆண்டில் அமெரிக்காவுக்காகச் செய்த 'லவுடர் தேன் பாம்ஸ்'. சிங்கிள்களும் பின்பக்கப் பாடல்களும் பெரும்பாலும் இவற்றுக்குள் கிடைத்துவிடும். 1990-களிலும் பிறகும் வந்த 'சிறந்தவை' வகைத் திரட்டுகளைத் தொட வேண்டாம். கைபேசியில் கேட்பவர்கள் ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் வாலை அடுத்த பாட்டின் தலையோடு ஒட்டும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். இவர்களுடைய பாடல்களில் ஒலி தேய்ந்து மறைவதும் திரும்பி வருவதும் வேண்டுமென்றே செய்தது. அதை எந்திரம் சீர்செய்யக் கூடாது.

பழைய இசைத்தட்டு வாங்கிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் டர்பன் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். அட்டை உறைகளில் பூஞ்சை பிடிக்கும், வரிப்பள்ளங்களிலும் பிடிக்கும். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் புத்தகம்போல் நிற்க வையுங்கள். கழுவக் காய்ச்சி வடித்த நீர் போதும்; மிஞ்சினால் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு. நடுவிலுள்ள காகித லேபிளில் நீர் படக் கூடாது. மென்மையான துணியால் வரியோட்டத்தோடு வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள். அப்பளமாக வளைந்துவிடும்.

ப்ளேயரிலும் கவனம் வேண்டும். நகரத்தில் ஒரு கடையில் அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ப்ளேயர் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். "டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்றார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், அலைவெண்ணை மாற்றாது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. மின்சார அலையைப் பிடித்துச் சுழலும் பழைய மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியது இருபத்தெட்டுதான் சுற்றும். பாட்டு ஏறத்தாழ மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறங்கிவிடும். ஏற்கெனவே சோகம் பாடும் மாரிஸி, கிணற்றுக்குள்ளிருந்து ஒப்பாரி வைப்பது போலக் கேட்டார். ஒரு வாரம் அதையும் ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. பிரிட்டனின் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். அங்கிருந்து வந்த ப்ளேயர் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

இனி முதல் மாலை. இரண்டே சிங்கிள், அதற்கு மேல் வேண்டாம். 1983 மே மாதம் வந்த 'ஹேண்ட் இன் க்ளவ்' முதலில். ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் ஒரே நாளில் பதிந்தது. விற்பனைப் பட்டியலில் மேலே ஏறவே இல்லை. 'ஹாட்ஃபுல்' தொகுப்பில் உள்ளதைக் கேளுங்கள், அதுதான் மூல வடிவம். முதல் ஆல்பத்தில் இருப்பது மாற்றிக் கலந்தது. பின்பக்கப் பாடலான 'ஹேண்ட்ஸம் டெவில்' சிங்கிளில் ஹாஸியெண்டா என்ற மான்செஸ்டர் கிளப்பில் நேரடியாகப் பதிந்த வடிவத்தில் வந்தது. தொகுப்பில் உள்ளது பிபிசி பதிவு, அதுவே போதும்.

ஒவ்வொரு பாட்டையும் மூன்று முறை கேட்க வேண்டும். முதல்முறை பாடகரைக் கேட்காதீர்கள். ஆம், அவரை விட்டுவிடுங்கள். அவர் குரல் பந்தலுக்கு நடுவில் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி, எல்லாக் கண்ணும் அங்கேதான் போகும். சமையற்கட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம்முறை பேஸ். மூன்றாம்முறை பாடல் வரிகள்.

அடுத்தது 1983 கடைசியில் வந்து, பட்டியலில் 25-ஆம் இடம் பிடித்த 'திஸ் சார்மிங் மேன்'. மார் இங்கே தந்திகளை மொத்தமாக அடிப்பதில்லை, ஒவ்வொன்றாகக் கிள்ளுகிறார். துள்ளித் துள்ளி இறங்கும் அந்தச் சிறு சங்கதியைக் கேட்டதும் மருமகன், "மாமா, இது மஸ்கந்தி மாதிரி இருக்கிறதே" என்றான். எனக்குப் புல்லரித்தது. டாக்ஸி நிறுத்தங்களில் ஜூலுக்காரர்கள் விரலால் கிள்ளி வாசிக்கும் கிட்டார் நம் ஊர்க் காதுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். மாருக்கு அது தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டர்பன்காரர்களுக்கு இந்தக் குழுவுக்குள் நுழைய ஒரு பக்கக் கதவு இருக்கிறது, அது இந்தப் பாட்டு.

இரண்டாம் மாலை ஒப்பிட்டுக் கேட்பதற்கு. முதல் ஆல்பத்தை டிராய் டேட் என்பவரை வைத்து ஒருமுறை பதிந்தார்கள். அது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, ஜான் போர்ட்டரை வைத்து மறுபடி பதிந்தார்கள். 1984 பிப்ரவரியில் 'தி ஸ்மித்ஸ்' என்ற பெயரில் வந்து இரண்டாம் இடத்துக்கு ஏறியது. எனக்கு அதன் ஒலி மழையில் நனைந்த மிருதங்கம். பாட்டு நன்றாக இருக்கிறது, தோல் பேசவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த 'ஹாட்ஃபுல்' தொகுப்பில், பிபிசி வானொலிக்காக அவசரமாகப் பதிந்த வடிவங்கள் இருக்கின்றன. 'ரீல் அரவுண்ட் தி ஃபவுண்டன்' பாடலை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆல்பத்தில் பால் கேரக் என்பவரின் பியானோ வந்து மெத்தை போடுகிறது. வானொலி வடிவத்தில் நால்வர் மட்டுமே, மெத்தை இல்லை. மருமகனுக்கு மெத்தைதான் பிடித்தது. பரவாயில்லை, வாதிட இடம் இருந்தால்தான் பாட்டு காதில் நிற்கும்.

இந்தத் தொகுப்போடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பெரியம்மா மகள் அனுப்பிய கேசட் தொண்ணூறு நிமிடம், பக்கத்துக்கு நாற்பத்தைந்து. 'ஹாட்ஃபுல்' ஐம்பத்தாறு நிமிடம் ஓடும். அவள் அதை ஒரே பக்கத்தில் பதிந்திருந்தாள். 'கேர்ள் அஃப்ரெய்ட்' முடிகிற இடத்தில் டக்கென்று டேப் நின்றுவிடும். கடைசி மூன்று பாட்டும் இல்லை. உறையில் அவள் கையெழுத்தில் பதினாறு பெயரும் இருக்கும், என் காதில் பதிமூன்றுதான் விழும். பதினாறாவது பெயர் 'ப்ளீஸ் ப்ளீஸ் ப்ளீஸ்' என்று தொடங்கும். பெயரே கெஞ்சுகிறதே, பாட்டு எப்படி இருக்கும் என்று பல ஆண்டு கற்பனை செய்துகொண்டிருந்தேன். நான் மனத்தில் கட்டிவைத்திருந்தது பெரிய ஆர்ப்பாட்டமான முடிவு. கடைசியில் ஒரு நண்பன் வீட்டு சிடியில் கேட்டால், இரண்டு நிமிடம்கூட இல்லை. மாண்டலின் ஒலியோடு சட்டென்று முடிந்துவிட்டது. இன்னொருமுறை போடச் சொன்னேன்.

மூன்றாம் மாலைக்கு ஒரே ஒரு இசைத்தட்டு: 1984 ஆகஸ்டில் வந்த 'வில்லியம், இட் வாஸ் ரியலி நத்திங்', 12 அங்குல வடிவம். முன்பக்கப் பாட்டு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். கூடவே அந்த 'ப்ளீஸ்'. அவற்றோடு பின்பக்கச் சரக்காக வந்ததுதான் 'ஹவ் ஸூன் இஸ் நௌ', ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இன்று அவர்கள் பெயரைச் சொன்னதும் பலர் முதலில் நினைப்பது அதைத்தான். அன்று அது இலவச இணைப்பு!

விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். தொடங்கியதும் ஓர் ஒலி இதயம்போல் விட்டுவிட்டுத் துடிக்கும். அது எந்திரத் தாளமல்ல. மார் வாசித்த கிட்டாரை நான்கு ஆம்ப்ளிஃபயர்களுக்குள் அனுப்பினார்கள். ஒலியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ என்ற வசதி அவற்றில் உண்டு. நான்கும் ஒரே வேகத்தில் துடிக்க வேண்டும், ஆனால் துடிக்காது. போர்ட்டர் இரண்டின் முன்னும் மார் இரண்டின் முன்னும் உட்கார்ந்து, குமிழைத் திருகித் திருகித் தாளத்தோடு ஒட்டவைத்தார்கள். தவறியதும் நிறுத்து, டேப்பைப் பின்னால் ஓட்டு, மறுபடி தொடங்கு. இப்படிச் சில சில நொடியாகச் சேர்த்துக் கட்டிய துடிப்பு அது. மருமகன் இதைக் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டரில் இரண்டு நிமிட வேலை" என்றான். பிறகு ஹெட்போனைக் கழற்றாமல் மறுபடியும் போட்டான். நானும் வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையே அவன் ஒரு கேள்வி கேட்டான். "இந்தப் பாடகர் குடியேறியவர்களைப் பற்றி ஏதேதோ பேசியிருக்கிறாராமே?" பேசியிருக்கிறார். பின்னாளில் அவர் சொன்னவை பலருக்குக் கசந்தன, எனக்கும் கசந்தன. கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் பேரன் நான், கசக்காமல் எப்படி இருக்கும்? அதற்காக மாரின் விரலையும் ரூர்க்கின் பேஸையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. அவரவர் கணக்கு அவரவருக்கு.

நான்காம் மாலை 'மீட் இஸ் மர்டர்', 1985 பிப்ரவரி. ஸ்டூடியோ ஆல்பங்களில் இது ஒன்றுதான் பிரிட்டனில் முதலிடம் தொட்டது. பெயரே புலால் மறுப்பு. கடைசிப் பாட்டில் மாடுகளின் கதறலும் அறுப்பு எந்திரத்தின் இரைச்சலும் வரும். இதைப் புரட்டாசியில் கேட்பது சுகம். வீடே பருப்பும் கீரையுமாக இருக்கும்போது குற்றவுணர்வு இல்லாமல் தலையாட்டலாம். குடைந்த ரொட்டிக்குள் ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றித் தரும் நம் ஊர் 'பன்னி சாவ்' சாப்பிட்ட கையோடு கேட்டுப் பாருங்கள், நெஞ்சுக்குழியில் ஏதோ நிற்கும். 'தட் ஜோக்' என்று தொடங்கும் பாட்டு தேய்ந்து மறைந்து மீண்டும் எழும், கைபேசியைத் தட்டாதீர்கள். 'பார்பரிஸம் பிகின்ஸ் அட் ஹோம்' முழுக்க ரூர்க்கின் ராஜ்யம். அவர் 2023-இல் போய்விட்டார். அந்தப் பாட்டை அவருக்காக இன்னொருமுறை.

ஐந்தாம் மாலை 'தி குவீன் இஸ் டெட்'. இதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை எழுந்திருக்காமல் கேளுங்கள், நாற்பது நிமிடம்கூட ஆகாது. கடைசிப் பாட்டு 'ஸம் கேர்ள்ஸ்' தொடங்கியதும் ஒலி வந்து, மறைந்து, திரும்பி வரும். ஒரு கதவு திறந்து மூடித் திறப்பது போல. மருமகன் ஹெட்போன் கம்பியை ஆட்டிப் பார்த்தான்.

தேதி மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆல்பம் வந்தது 1986 ஜூன் 16. நம் நாட்டில் அது சோவெட்டோ எழுச்சியின் பத்தாம் ஆண்டு. நான்கு நாள் முன்னால், 12-ஆம் தேதி, நாடு முழுக்க நெருக்கடிநிலை அறிவித்திருந்தார்கள். எங்கள் வளாகத்தில் இசை கேட்கும் நிலையில் யாரும் இல்லை. கேசட் என் கைக்கு வந்தபோது செப்டம்பர் ஆகிவிட்டது. ஒரு பக்கம் இந்த ஆல்பம், மறுபக்கம் வாலறுந்த 'ஹாட்ஃபுல்'.

ஆறாம் மாலையை 'தி வேர்ல்ட் வோண்ட் லிஸன்' தொகுப்போடு சட்டென்று கடக்கலாம். 'பேனிக்', 'ஆஸ்க்', 'ஷாப்லிஃப்டர்ஸ்' என்று வரிசையாகச் சிங்கிள்கள். 'பேனிக்' முடிவில் பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து பாடுவதையும், 'ஆஸ்க்' பாட்டில் கர்ஸ்டி மக்கோலின் பின்குரலையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் மாலை 'ஸ்ட்ரேஞ்ச்வேஸ், ஹியர் வி கம்'. 1987 செப்டம்பர் 28-இல் வந்தபோது குழுவே இல்லை, மார் அந்தக் கோடையிலேயே விலகியிருந்தார். முதல் பாட்டில் மாரின் கிட்டாரைத் தேடச் சொன்னேன். பையன் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இல்லையே மாமா" என்றான். இல்லைதான். கிட்டாருக்குப் பேர்போன குழு கடைசி ஆல்பத்தைக் கிட்டாரே இல்லாமல் தொடங்குகிறது. மாரிஸி, மார் இருவருமே தங்கள் ஆல்பங்களில் இதுவே சிறந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்கு கதை வேண்டுமென்றால்: வருமானத்தில் அவர்கள் இருவரும் ஆளுக்கு நாற்பது பங்கு எடுத்துக்கொண்டு, மற்ற இருவருக்கும் பத்துப் பத்துக் கொடுத்தார்கள். ஜாய்ஸ் நீதிமன்றம் போனார், 1996-இல் கால் பங்கு அவருடையது என்று தீர்ப்பானது. பாகப்பிரிவினைச் சண்டை நமக்கென்ன புதிதா.

எட்டாம் மாலைக்குக் கொஞ்சம் கைவேலை உண்டு. 1988-இல் வந்த 'ரேங்க்' என்ற நேரடிப் பதிவைப் பலர் கடைசிக் கச்சேரி என்று நினைத்துவிடுகிறார்கள். அது 1986 அக்டோபரில் லண்டன் கில்பர்னில் பதிந்தது. கடைசிக் கச்சேரி அதே ஆண்டு டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை, லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில் நடந்தது. நவம்பரில் நடக்க வேண்டியது, மார் கார் விபத்தில் சிக்கியதால் தள்ளிப்போனது. அன்று மேடை ஏறியது நிறவெறிக்கு எதிரான கலைஞர்கள் அமைப்புக்கு நிதி திரட்ட. இங்கே நெருக்கடிநிலை அறிவித்து அன்றோடு சரியாக ஆறு மாதம். கேசட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்த எனக்கு அது தெரியாது. 1994-க்குப் பிறகு, ஒரு சிடியின் உள்ளட்டையைப் படிக்கும்போதுதான் தெரிந்தது. படித்துவிட்டு, அடுப்படியில் நின்ற அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "யாரு, உன் அழுகுணிப் பாட்டுக்காரர்களா? நமக்காகவா?" என்றார். மறுநாள் வரைக்கும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே பட்டியலை நீங்களே போட வேண்டும். அன்றிரவு 'ஆஸ்க்' பாட்டில் தொடங்கினார்கள், அதை முதலில் வையுங்கள். நடுவில் 'ஸம் கேர்ள்ஸ்'. அதை அவர்கள் மேடையில் பாடியது அந்த ஒருமுறைதான். இடையில் 'பிக்மௌத்', 'ஷாப்லிஃப்டர்ஸ்', 'பேனிக்', 'தி குவீன் இஸ் டெட்', 'வில்லியம்' வரலாம். ஆல்பத்திலிருந்தோ தொகுப்பிலிருந்தோ 'ரேங்க்' பதிவிலிருந்தோ எடுங்கள், எதுவானாலும் சரி. கடைசியாகப் பாடியது 'ஹேண்ட் இன் க்ளவ்'. முதல் மாலை கேட்ட அதே முதல் சிங்கிள். 'ஹாட்ஃபுல்' வடிவத்தையே வையுங்கள்.

அன்று எங்கள் தெருவில் எட்டு மணிக்கு மின்தடை. மருமகன் கைபேசியில் சார்ஜ் பதினொரு சதவீதம். "போதுமா மாமா?" என்றான். மூன்றேகால் நிமிடப் பாட்டுக்குத் தாராளமாகப் போதும் என்றேன். ஒரு காதை அவன் வைத்துக்கொண்டான், மற்றதை என்னிடம் கொடுத்தான்.